ஆள்சேர்ப்பு அறிவிப்பில் தரவரிசை எண்

விளம்பரமும் உரைநடையின் ஒரு வகையே. அதனை ஆராயத் திறனாய்வாளர் தயங்க வேண்டுவதில்லை. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் இணைய விளையாட்டில், ‘கில்டு’ எனப்படும் ஆட்டக் குழுக்கள் புதிய உறுப்பினரை வேண்டி வெளியிடும் அறிவிப்புகள் அத்தகைய ஆராய்ச்சிக்கு உரியன.

2004 நவம்பரில் அமெரிக்காவின் பிளிசார்டு நிறுவனம் வெளியிட்ட இவ்விளையாட்டில், பெரும் போர்களைத் தனியொருவர் வெல்லுதல் இயலாது. தொடக்கத்தில் 40 பேர் வரை கூடிப் பொருதனர். 2007-இல் அவ்வெண் 25 ஆயிற்று. 2014-இல், மிகக் கடினமான நிலைக்குச் சரியாக 20 பேர் என வரையறை செய்யப்பட்டது. இருவர் வாராதொழிந்தால் அன்றிரவு ஆட்டமே தடைப்படும். ஆகவே ஆள்சேர்ப்பு ஓயாத பணியாயிற்று.

அறிவிப்புகளின் அமைப்பைக் காண்க. முதலில் குழுவின் பெயர். அடுத்து உலக அளவில் எத்தனையாம் இடம், தன் சர்வரில் எத்தனையாம் இடம் என்னும் எண்கள். பின்னர் ஆடும் நாளும் நேரமும். அதன்பின் வேண்டப்படுவோர் யாவர் என்பது. ‘நல்ல நட்புச் சூழல்’ என்னும் தொடர் பெரும்பாலும் கடைசி வரியில் ஒதுங்கி நிற்கும். எதை முன்வைப்பது என்பதிலேயே கருத்து அடங்கிவிடுகிறது அன்றோ?

அவ்வெண் யாருடையது? வாவ்புராகிரஸ், ரெய்டர் ஐஓ போன்ற தளங்கள், பகைத்தலைவரை எந்தக் குழு முன்னர் வீழ்த்தியது என்பதைக் கொண்டு வரிசை வகுக்கின்றன. வென்ற இருபதின்மரில் எண்மர் மறுமாதமே விலகினும், அந்த வெற்றி குழுவின் பெயரிலேயே நிற்கும். விண்ணப்பிப்பவர் காண்பது சென்ற மாதத்துக் குழுவை. சேர்வதோ இம்மாதத்துக் குழுவில். இதனைப் பொய் என்பதற்கில்லை. இறந்தகால வினையை நிகழ்காலத்தில் எழுதும் நடை எனலாம்.

ஐரோப்பாவின் மெத்தட் குழு இதற்குத் தக்க சான்று. 2018, 2019 ஆண்டுகளில் உலக முதலிடம் பெற்றுப் புகழோங்கிய அக்குழு, 2020 ஜூனில் ஏற்பட்ட நெருக்கடியால் உறுப்பினர் பலரை இழந்தது. விலகியோர் பலர் அவ்வாண்டு நவம்பரில் எக்கோ என்னும் குழுவைத் தொடங்கினர். 2021 ஜூலையில் அப்புதுக்குழு உலக முதலிடத்தை எய்தியது. திறன் ஆட்களோடு சென்றது. பழைய எண்கள் பழைய பெயரோடு தங்கின.

புகழ்பெற்ற குழுக்கள் இதனைத் தாங்கிக்கொள்ளும். தாங்க இயலாதவை இடைநிலைக் குழுக்களே. காயம் ஆற்றும் இருவர் விலகினால் சில வாரம் வெற்றி தடைப்படும், இடம் சரியும், சரிந்த எண்ணைக் கண்டு விண்ணப்பம் குறையும், ஆட்டமில்லா இரவுகள் பெருகவே, எஞ்சியோரும் மேலிடம் பெற்ற குழுவை நாடிச் செல்வர். வாரம் இரண்டு இரவு ஆடி 600-ஆம் இடம் பெற்ற குழு, ஐந்து இரவு ஆடி 500-ஆம் இடம் பெற்றதைவிடத் திறன் மிக்கதாக இருக்கலாம். வெறும் எண் இதனைக் கூறாது. மிகக் கடும் போட்டியை விரும்புவோர்க்கு அவ்வெண் நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதும் உண்மையே.

நிறுவனமும் ஒருமுறை இவ்வழியிற் சென்றது. 2010 டிசம்பரில் குழுக்களுக்கு 25 படிகள் வகுக்கப்பட்டன. படி ஏற ஏற, அனுபவப் புள்ளியில் 10 விழுக்காடு வரை மிகுதியும் வேறு சலுகைகளும் உறுப்பினர்க்குக் கிட்டின. உச்சப்படியை எட்டிய பெருங்குழுவை ஆட்கள் சலுகைக்காகவே நாடினர். புதிய சிறுகுழுவுக்கோ காட்டுவதற்கு ஒன்றுமில்லை. 2014-இல் அப்படிகளை நிறுவனமே நீக்கியது.

வேறொரு முறைகேடும் கருதத்தக்கது. விண்ணப்பிப்பவரிடம், வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்திலுள்ள அவர்தம் போர்ப் பதிவுகளைக் குழுக்கள் கேட்கின்றன. அவர் எந்த இரவில் எவ்வளவு தாக்கினார், எங்கே தவறி வீழ்ந்தார் என்பதெல்லாம் அங்கே வெளிப்படும். அந்த வெற்றியில் நின்றவருள் இன்று எத்தனை பேர் எஞ்சியுள்ளனர் என்பதை அறிவிப்பில் எழுதும் கடமையோ குழுவுக்கு இல்லை.