லா ஃபொந்தேனின் ஆமை

கடலூரிலிருந்து புதுவை ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அங்குள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு முதுகலைப் படிப்பு உண்டு. கடலூர், சிதம்பரம் வட்டாரத்து நம்மவருள் பலர் அதனைக் கடல் கடந்து செல்லும் ஏணியாக மட்டுமே எண்ணுகின்றனர். அரபும் தமிழும் அறிந்த பிள்ளைக்கு அப்படிப்பில் தனி உரிமை ஒன்றுண்டு. அதனை ஒரு கதை கொண்டு விளக்குவேன்.

பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேன் (1621–1695), 1678-இல் வெளியிட்ட நீதிக்கதைகளின் முன்னுரையில், அவற்றுட் பெரும்பகுதிக்குப் 'பில்பாய்' என்னும் இந்திய ஞானிக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக ஒப்புகிறார். பஞ்சதந்திரம் பஹ்லவி மொழிக்குச் சென்றது. அங்கிருந்து எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அதனைக் 'கலீலா வ திம்னா' என அரபாக்கினார். அந்நூலில் கதை சொல்லும் ஞானி பைதபாவின் பெயரே பில்பாய் எனத் திரிந்தது. அரபிலிருந்து பாரசீகம், பாரசீகத்திலிருந்து 1644-இல் பிரெஞ்சு.

இவ்வழியே சென்ற 'ஆமையும் இரு வாத்துகளும்' கதையை ஒப்பிடுவோம். அரபில் குளத்து நீர் வற்றுகிறது. நீரின்றி வாழவியலாத ஆமை, புறப்படும் வாத்துகளிடம் தன்னையும் அழைத்துச் செல்ல வேண்டுகிறது. குச்சியைக் கவ்விப் பறக்கையில் கீழே மக்கள் வியந்து பேச, சினந்து சபிக்க வாய் திறந்து வீழ்ந்து மடிகிறது. பிரெஞ்சில் வறட்சியே இல்லை. வளை சலித்த ஆமை ஊர் பார்க்க விழைகிறது. வாத்துகள் அமெரிக்கா வரை ஆசை காட்டுகின்றன. மக்கள் அரசியெனக் கூவ, ஆமெனப் பெருமை பேசி வீழ்கிறது.

லா ஃபொந்தேனின் சொற்சுருக்கமும் நகைச்சுவையும் போற்றத்தக்கன. வாயாடலும் வீண்பெருமையும் வெற்று ஆவலும் ஒரே குடிப்பிறப்பு என அவர் முடிப்பது கூரிய நோக்கே. ஆயினும் வறட்சி இல்லாத இடத்தில் இரக்கத்திற்கும் இடமில்லை. பிரெஞ்சு ஆமையைக் கண்டு நகைக்கிறோம். அரபு ஆமையைக் கண்டு அஞ்சுகிறோம். பிழைக்கப் புறப்பட்ட உயிர் ஒரு நொடிச் சினத்தால் அழிவது நமக்கும் நேரக்கூடியதன்றோ! பரங்கிப்பேட்டை முதலிய கரையூர்களிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களின் வழிவந்தோர்க்கு எந்த ஆமை உறவென்று சொல்லவும் வேண்டுமோ? நீதிக்கதையின் பயன் பிறரை எள்ளுவதன்று, தன்னை அறிவதே; அவ்வகையில் அரபுக் கதையே ஆழமுடையது என்பது என் துணிபு.

பிரெஞ்சு மட்டும் கற்ற மாணவர் இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பின் வழியே கேட்டறியலாம். அரபும் கற்றவர் மூலத்திலேயே காண்பார். தாண்டவராய முதலியாரின் தமிழ்ப் பஞ்சதந்திரத்தையும் (1826) அருகில் வைத்து ஆராய்வாராயின், அவர் ஆய்வு பிரெஞ்சுப் பேராசிரியர்க்கும் புதியது தரும்.

ஆதலின் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் பிரெஞ்சு பயிலட்டும், தடுக்க வேண்டா. ஆனால் குர்ஆன் ஓதி முடித்த அன்றே அரபுக் கிதாபுகளை மூடிவைக்கும் வழக்கத்தை விடுங்கள். வீட்டிலுள்ள கேணியைத் தூர்த்துவிட்டு அயலூர் ஆற்றுக்குக் குடம் தூக்குவது அறிவுடைமையாகாது.