‘மிஷன்’: அனுப்பியவர் யார், அழைத்தவர் யார்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ‘மிஷன்’ என்ற சொல்லுக்கு யாரும் அகராதி தேட மாட்டார்கள். நெய்யூரில் இருப்பது மிஷன் ஆஸ்பத்திரி. தாத்தா படிச்சது மிஷன் ஸ்கூல். ராக்கெட் ஏவினாலும் மிஷன், அரசு குடிநீர்க் குழாய் போட்டாலும் மிஷன்தான்.

இத்தனைக்கும் மூலம் லத்தீன் மொழியின் ‘மித்தெரெ’, அனுப்புதல். மிசைல், மெசேஜ், பெர்மிட் எல்லாம் அதே வேரிலிருந்து கிளைத்தவை. ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், இயேசு சபையார் தம் துறவிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் குறித்து இது புழங்கத் தொடங்கியது. பிறகு அனுப்பப்பட்ட தூதுக்குழு, அவர்கள் தங்கிய இடம், அவர்கள் செய்த வேலை என்று பொருள் விரிந்தது. போர் விமானமும் விண்கலமும் 20ஆம் நூற்றாண்டில் சேர்ந்தவை. எங்கே போனாலும் ஒன்று மாறவில்லை: மேலே ஒருவர் அனுப்ப, இன்னொருவர் போகிறார்.

தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் சொல்தான் இடிக்கிறது. ‘தூய்மை பாரத இயக்கம்’, ‘தேசிய சுகாதார இயக்கம்’ என்கிறோம். சுயமரியாதை இயக்கமும் இயக்கம், டெல்லி அனுப்பும் திட்டமும் இயக்கமா? ஒன்று சனங்களிடமிருந்து கிளம்புவது, மற்றது சனங்களிடம் வந்து இறங்குவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், யார் தொடங்கியது என்ற கேள்வியே காணாமல் போயிரும்.

இந்தக் கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்பதற்கு மயிலாடியே சாட்சி. லண்டன் மிஷனரி சங்கம் 1795இல் தொடங்கியது. அது அனுப்பிய ரிங்கல்தௌபே 1806இல் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் வேதக்கோயில் எழும்பியது. ‘மிஷன் வரலாறு’ என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். சொல் அப்படித்தான் ஆரம்பிக்க வைக்கும்.

ஆனால் அதற்குச் சில வருஷம் முன்பே மயிலாடிக்காரர் மகாராசன் சிதம்பரம் வரை போய், தஞ்சாவூரில் கோலாப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பியிருந்தார். சொந்தபந்தங்களைக் கூட்டி வேதம் சொன்னார். எதிர்ப்பு வந்தபோது, எங்க ஊருக்கு ஒரு போதகர் வேணும் என்று கேட்டதும் அவரே. 1816இல் ரிங்கல்தௌபே கிளம்பிய பிறகு, அடுத்த மிஷனரி மீட் ஐயர் வரும்வரை சபையைக் கவனித்ததும் அவர்தான். அனுப்பியது லண்டன், அழைத்தது மயிலாடி. ‘மிஷன்’ என்ற சொல்லில் முதலாமவருக்கு மட்டுமே இடம் உண்டு.

அரசுத் திட்டத்தைத் திட்டம் என்றே சொல்லிவிடலாம், ஒரு குறைவும் வராது. ‘இயக்கம்’ என்ற சொல்லை வேதமாணிக்கம் செய்ததற்குக் கொடுத்தால் பொருத்தமாக இருக்கும். மயிலாடிக் கோயில் இன்றும் ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் இருவர் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது. ஊர்க்காரர்கள் கணக்கைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.