சண்டைக்கு நடுவே ஒரு மெனு

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டில் டிராகன் குவெஸ்ட் ஹீரோவை எடுத்து ஆடுகிற சுகம் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. 2019 ஜூலையில் கூடுதல் கேரக்டராக வந்து சேர்ந்தவன் அவன். ஸ்டிக்கைக் கீழே தள்ளி ஸ்பெஷல் பட்டனை அழுத்துங்கள். அவன் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். வெள்ளை ஓரம், உள்ளே நான்கு வரி. 1986-இல் யூஜி ஹோரி முதல் டிராகன் குவெஸ்டை உருவாக்கிய நாளிலிருந்து அந்தத் தொடரின் அடையாளமாகவே ஆகிவிட்ட அதே பெட்டி! மாரியோவும் டாங்கி காங்கும் முட்டிமோதுகிற களத்தில் அது திறப்பதைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

டிராகன் குவெஸ்டில் ஸ்லைம் என்கிற எதிரி முன்னால் நின்றுகொண்டு நமக்காகக் காத்திருக்கும். சாவகாசமாக யோசித்து முடிவெடுக்கலாம். ஸ்மாஷில் எவன் காத்திருப்பான்? பெட்டி திறந்திருக்கும்போதே அடி விழும். மொத்தம் 21 மந்திரங்கள், வித்தைகள். அவற்றில் எந்த நான்கு வரும் என்பது அதிர்ஷ்டம். பார்த்த மாத்திரத்தில் படிக்க வேண்டும், எம்.பி. (மந்திரத்துக்கான புள்ளிகள்) போதுமா என்று கணக்குப் போட வேண்டும், அமுக்க வேண்டும். எதிராளிக்கும் அந்தப் பெட்டி தெரியும் என்பதுதான் இதில் அபாரமான விஷயம். ‘த்வாக்’ என்ற வரியைக் கண்டதும் அவர் தெறித்து ஓடுவார். பட்டால் ஒரே அடியில் ஆளைத் தீர்த்துவிடக்கூடிய மந்திரம் அது. எதிராளி வாங்கியிருக்கிற டேமேஜ் ஏற ஏறப் பலிக்கிற வாய்ப்பும் ஏறும். விலை 30 எம்.பி. கையில் இருப்பதே அதிகபட்சம் 100. சாதாரண அடிகள் பட்டால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், ஆகவே மந்திரக்காரன் மந்திரத்துக்காகவே வாளோடு கிட்டப் போய்ச் சண்டை போட்டாக வேண்டும். என்ன ஒரு யோசனை!

டிராகன் குவெஸ்ட் மாதிரியான ஆர்பிஜி (ரோல் பிளேயிங் கேம்) ஆளைச் சண்டை கேமுக்குள் கொண்டுவர முகம், வாள், பின்னணி இசை இவை போதும் என்று இருந்துவிடலாம். இயக்குநர் மசாஹிரோ சகுராயும் அவருடைய குழுவும் அந்தக் கேமின் விதிகளையே ஆளின் உடம்பில் ஏற்றிவிடுகிறார்கள். மணிக்கணக்காக ஆர்பிஜி ஆடியவர்களுக்குக் கதைக்குச் சமமாக அந்த விதிகளும் ஊறிப் போயிருக்கும் அல்லவா? கை அதைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும்.

ஃபயர் எம்ப்ளம் அவேக்கனிங்கின் ராபினைப் பாருங்கள். அந்தக் கேமில் ஆயுதத்துக்கு ஆயுள் உண்டு. இத்தனை முறை வீசினால் முறிந்துவிடும் என்ற கவலை ஆட்டம் முழுக்கக் கூடவே வரும். ஸ்மாஷிலும் ராபினின் லெவின் வாள் தீர்ந்துபோகிறது, மந்திரப் புத்தகங்கள் தீர்ந்துபோகின்றன. தீர்ந்த புத்தகத்தை அவர் வீசி எறிவார். அதை எடுத்து எதிராளி மேலேயே விட்டெறியலாம்! கொஞ்ச நேரத்தில் புதுசு வந்துவிடும், ஆனால் அந்த இடைவெளியில் வெண்கல வாளை வைத்துக்கொண்டு சமாளிக்கிற பதற்றம் அசல் ஃபயர் எம்ப்ளம் பதற்றம்.

கிளவுடுக்கு லிமிட். 1997-இன் ஃபைனல் ஃபேண்டஸி செவனில் அடி வாங்க வாங்க நிரம்பிய அதே கேஜ் இங்கே அடி கொடுத்தாலும் நிரம்பும். அதே கேமின் வில்லன் செஃபிரோத் தோற்கிற நிலைக்கு வந்தால்தான் அவனுடைய ஒற்றைச் சிறகு முளைக்கும். முளைத்துவிட்டால் காற்றில் ஒரு தாவல் கூடுதல், அடியிலும் வேகத்திலும் வேறு ஆள். கடைசிக் கட்ட வில்லன் மூச்சுவிட்டு மறுபடி எழுந்து நிற்கிற அந்தத் திகிலை இதைவிடக் கச்சிதமாக யாரால் காட்ட முடியும்? பெர்சோனா ஃபைவின் ஜோக்கருக்கோ அடிபட அடிபடக் கேஜ் ஏறி, துணைக்குச் சண்டை போடும் அர்சேன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான். ஜோக்கர் ஜெயித்தால் முடிவுத் திரைகூட அவனுடைய கேமின் சிவப்புக்கு மாறிவிடும். அந்தத் திரைக்காகவே அவனை எடுக்கலாம், சத்தியமாக.

இருந்தாலும் என் மனசு ஹீரோவிடம்தான் திரும்பும். ‘மெட்டல் ஸ்லாஷ்’ என்று ஒரு வித்தை இருக்கிறது. டிராகன் குவெஸ்டில் மெட்டல் ஸ்லைமைத் துரத்தியவர்களுக்குத் தெரியும்: எதுவும் தைக்காத இரும்பு உடம்பு, கண்ணெதிரே ஓடிவிடும், பிடித்து முடித்தால் அள்ளிக்கொடுக்கும் அனுபவப் புள்ளிகள். ஸ்மாஷில் அந்த வெட்டு சாதாரண ஆள்மேல் பட்டால் பெயருக்குத்தான் டேமேஜ். உலோகமாக மாறியிருக்கிறவன்மேல் விழுந்தால் ஆள் காலி. ஹீரோவிடமே ‘கக்ளாங்’ என்ற மந்திரம் உண்டு. சொன்னால் அசையாத இரும்புச் சிலையாகிவிடுவான், எந்த அடியும் ஏறாது. ஆகவே இரண்டு பேரும் ஹீரோவை எடுத்து ஆடுங்கள். ஒருவர் பயந்துபோய்க் கக்ளாங் போட்ட அந்த நொடியில், மற்றவரின் பெட்டியில் மெட்டல் ஸ்லாஷ் வரட்டும். அறையில் எழுகிற கூச்சலைக் கேட்டுப் பாருங்கள்!