முடிவு தெரிந்த கதையும் முடியாத கதையும்: ஜப்பானிய, அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகங்களின் எடுத்துரைப்பு

ஜப்பானியத் தொலைக்காட்சி நாடகம் அடங்கிய குரலில் மெல்ல நகர்வது என்றும், அமெரிக்க நாடகம் மோதலும் விரைவும் மிக்கது என்றும் கூறுவது பொதுவழக்கு. இக்கூற்று முற்றிலும் பிழையன்று. எனினும், இரு மக்களின் இயல்பு பற்றிய ஒரு முன்முடிவை நாடகத்தின்மேல் ஏற்றிப் பார்ப்பதாகவே இது அமைந்துவிடுகிறது. தொடர் எவ்வளவு காலம் நடக்கும், அதை எழுதுவோர் எத்தனை பேர், கதை யாருடைய குரலில் சொல்லப்படுகிறது, பாத்திரத்தின் வாக்கியம் எங்கே நின்றுவிடுகிறது என்னும் வினாக்களை எழுப்பினால் வேறுபாட்டின் வேர் வேறிடத்தில் இருப்பது புலனாகும். மொழிபெயர்ப்பாளருக்குப் பயன்படுவதும் இவ்வகை விளக்கமே.

டெக்சஸ் மாநிலத்து எண்ணெய்ச் செல்வர் குடும்பம் ஒன்றின் கதையான ‘டாலஸ்’ 1978 முதல் 1991 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பாயிற்று. பல நாடுகளில் விரும்பிப் பார்க்கப்பட்ட இத்தொடர், 1981இல் ஜப்பானுக்குச் சென்றபோது வரவேற்பின்றிச் சில மாதங்களிலேயே நின்றுபோயிற்று. தாமார் லீப்ஸ், எலிஹு காட்ஸ் ஆகிய இருவரும் 1990இல் வெளியிட்ட தம் நூலில் இத்தோல்வியை ஆராய்ந்துள்ளனர். தம் குடும்ப நாடகங்களில் ஜப்பானியர் எதிர்பார்க்கும் இணக்கம் டாலஸில் இல்லை என்பது அவர்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று.

இக்காரணம் ஓரளவே பொருந்தும். டாலஸ் தோற்று ஈராண்டு கழியுமுன், 1983 ஏப்ரலில், என்.எச்.கே. நிறுவனத்தின் காலை நாடகமாக ‘ஓஷின்’ தொடங்கியது. நாளும் பதினைந்து நிமிடமாக 297 பகுதிகள். எழுதியவர் ஹஷிதா சுகாகோ ஒருவரே. அதன் சராசரிப் பார்வையாளர் விழுக்காடு 52.6. ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதுச் சிறுமி வேலைக்கு அனுப்பப்படுகிறாள். 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் கணவனின் ஊரில் மாமியாரின் கொடுமைக்கு ஆளாகிறாள். போரில் மகனை இழக்கிறாள். இணக்கமே விழைவோர் விரும்பிப் பார்க்கக்கூடிய கதை என்று இதனைச் சொல்ல இயலாது. டாலஸை ஒதுக்கியவர்கள் ஓஷினை ஏற்றதற்குக் காரணம் கதைப்பொருளில் அன்று, கதை சொல்லப்பட்ட முறையில் இருக்கிறது.

ஓஷின் தன் முடிவின் அருகிலிருந்தே தொடங்குகிறது. 1983ஆம் ஆண்டு. குடும்பத்தாரின் புதிய பேரங்காடி திறக்கப்படும் நாளில் முதியவளான ஓஷின் ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுச் சென்றுவிடுகிறாள். தேடிவரும் பேரனிடம் தன் வாழ்வைச் சொல்லத் தொடங்குகிறாள். அவள் பிழைத்தாள், செல்வம் பெற்றாள், அச்செல்வத்தில் நிறைவு காணவில்லை என்னும் மூன்றும் பார்வையாளருக்கு முதலிலேயே தெரிந்துவிடுகின்றன. எஞ்சும் வினா, ‘இனி என்ன நடக்கும்?’ என்பதன்று, ‘எங்கே வழி தவறியது?’ என்பதே. நாரஒகா தொமோகோவின் எடுத்துரைப்புக் குரலும் இவ்வினாவையே தாங்கி நிற்கிறது. ஆண்டும் ஊரும் சொல்லிக் காலத்தைக் கடத்தும் அக்குரல் ஒரு வரியில் பல ஆண்டுகளைத் தாண்டிவிடும். உடனே ஒரு சோற்றுக் கிண்ணத்தின்முன் நெடுநேரம் நிற்கும்.

டாலஸுக்கு இத்தகைய முடிவு இல்லை, இருக்கவும் முடியாது. அமெரிக்க வணிகத் தொலைக்காட்சியில் ஒரு தொடர், பார்வையாளரும் விளம்பரமும் உள்ளவரை ஆண்டுதோறும் நீட்டிக்கப்படுகிறது. எழுதுவோர் குழுவாக எழுதுகின்றனர். குழுவும் மாறிக்கொண்டே இருக்கும். முடிவைத் தள்ளிப்போடுவதே இங்குக் கதைக்கலை. 1980 மார்ச் 21 அன்று ஜே.ஆர். சுடப்படுகிறான், சுட்டவர் யார் என்பதை அறிய நவம்பர் 21 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று ஏறத்தாழ 8 கோடியே 30 இலட்சம் அமெரிக்கர் அதனைப் பார்த்தனர். தள்ளிப்போடுதலின் மறுபக்கத்தை 1986 காட்டியது. இறந்துபோன பாபி குளியலறையிலிருந்து உயிரோடு வெளிவரவே, இடைப்பட்ட ஓராண்டுக் கதை முழுவதும் அவன் மனைவி கண்ட கனவாக்கப்பட்டது. முடிவு அறியாத கதையில் எதனையும் திரும்பப் பெறலாம். ஓஷினின் பேரனுக்குச் சொல்லப்பட்டதைத் திரும்பப் பெற வழியில்லை.

இவ்வேறுபாட்டை இரு நாடுகளின் நிலைத்த இயல்பாகக் கொள்வதும் தவறாகும். ஹஷிதாவே எழுதிய ‘வத்தாரு செக்கென் வா ஒனி பக்காரி’ 1990 முதல் 2011 வரை இடைவெளிகளோடு நீண்டது. அமெரிக்காவின் ‘பிரேக்கிங் பேட்’ 2013இல் 62 பகுதிகளோடு திட்டமிட்டே முடிக்கப்பட்டது. எனினும், காலாண்டுக்கு ஒரு கதை, பத்துப் பன்னிரண்டு பகுதிகள், பெரும்பாலும் ஒரே திரைக்கதை ஆசிரியர் என்னும் ஜப்பானிய அமைப்பு அங்கே திரைக்கதையை இலக்கியமாகவும் படிக்க வைத்தது. முக்கோதா குனிக்கோ, யமதா தைச்சி ஆகியோரின் நாடகங்கள் நூல்களாகப் படிக்கப்படுகின்றன.

அளவு சுருங்கும்போது உரையாடலின் பளு கூடுகிறது. 1991இல் பதினொரு பகுதிகளாக வந்த ‘டோக்கியோ லவ் ஸ்டோரி’யில் நாயகனின் பெயர் கன்ஜி; ரிக்கா அவனைக் ‘கஞ்சி’ என்று செல்லமாகத் திரித்து அழைக்கிறாள் (தமிழ்ச் செவிக்கு இது வேறொன்றாக ஒலிப்பது மொழிபெயர்ப்பாளரின் தீயூழ்). கடைசிப் பகுதியில், கடற்கரை இரயில் நிலையத்தின் கம்பியில் அவள் கட்டிவிட்டுச் சென்ற கைக்குட்டையில் அந்த விளியும் விடைபெறும் சொல்லும் மட்டுமே உள்ளன. அமெரிக்கத் தொடராயின் இவ்விடத்தில் ஒரு நேர்முக உரையாடல் வந்திருக்கும். இங்கே ஒரு விளிச்சொல் அந்த வேலையைச் செய்கிறது. ஆங்கிலத் திரைவரிகள் விடையை எளிதில் பெயர்த்துவிடும். விளியின் கனத்தைப் பெயர்ப்பது அரிது.

இங்குத்தான் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குரிய சிக்கல் தொடங்குகிறது. ஜப்பானிய நாடகங்கள் ஆங்கில வரிகளின் வழியே தமிழாக்கப்படுமாயின், தமிழ் நேரடியாகத் தாங்கக்கூடிய பலவும் இடைவழியில் உதிர்ந்துவிடும். ஜப்பானியர் உரையாடலில் ‘கெதோ’ என்று நிறுத்திவிடும் வாக்கியங்கள் மிகுதி. ‘போக வேண்டும் என்றுதான் இருக்கிறது…’ என்னும் தமிழ் வாக்கியம் அவ்வாறே நிற்கும். போக இயலாமையைச் சொல்லாமல் சொல்லும். தொல்காப்பியர் ஒழியிசை என வகுத்தது இதனையே. ஆங்கில வரியோ பெரும்பாலும் ‘என்னால் வர முடியாது’ என முடித்துக் கொடுத்துவிடுகிறது. மூத்த உடன்பிறப்பை உறவுமுறையாலும் இளையவரைப் பெயராலும் விளிக்கும் வழக்கு இரு மொழிக்கும் பொது. ஆங்கிலத்தில் அண்ணனும் தம்பியும் வெறும் பெயர்களாகிவிடுகின்றனர். காதலைச் சொல்லும் ‘சுகி’ என்பதற்கு எழுவாய் வேண்டுவதில்லை. தமிழின் ‘பிடிக்கும்’ என்பதும் யாருக்கு, யாரை என்று சொல்லாமலே நிற்கவல்லது. ஆங்கிலம் இவ்விடத்தில் ‘நான்’, ‘உன்னை’ இரண்டையும் கேட்கிறது. அதன்வழி வரும் தமிழில் ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்னும் முழக்கமே மிஞ்சும்.

தமிழ் எங்கும் நெருங்கிவிடுகிறது என்பதன்று. ஜப்பானிய வினைமுற்று பால், எண், இடம் காட்டாது; தமிழ் காட்டியாக வேண்டும். வந்தது யார் என்பதை நாடகம் மறைக்கும்போது ‘வந்தாயிற்று’ போன்ற வடிவங்களே கைகொடுக்கும். அவையும் எல்லா இடத்திலும் இயல்பாக இரா. தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் பணிவு வினைகள் தமிழில் ஒரு முறைமையாகவே இல்லை.

அமெரிக்கத் தயாரிப்பொன்று இச்சிக்கலை நேர்கொண்ட விதம் கருதத்தக்கது. ‘ஷோகன்’ 1980இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது ஜப்பானிய உரையாடலுக்குத் திரைவரிகள் தரப்படவில்லை; ஆங்கில மாலுமிக்குப் புரியாதது பார்வையாளருக்கும் புரியாதிருந்தது. 2024இன் பத்துப் பகுதித் தொடரிலோ பெரும்பகுதி ஜப்பானிய மொழியிலேயே அமைந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உரை ஜப்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டு, பின் காலத்துக்கேற்ற நடையில் நாடக ஆசிரியர் ஒருவரால் செப்பம் செய்யப்பட்டு, அந்த ஜப்பானிய வடிவிலிருந்தே ஆங்கில வரிகள் மீண்டும் ஆக்கப்பட்டன. மொழிபெயர்ப்பு இங்கே கதையாக்கத்தின் ஒரு படியாகிவிட்டது. மாலுமியின் கடுஞ்சொல்லை மாரிக்கோ தன் தலைவரிடம் பணிவாக மாற்றிச் சொல்லும்போது பார்வையாளர் இரண்டையும் அறிகிறார், மாற்றியதே நாடகமாகிறது. ஆயினும் அவள் சொல்லின் பணிவு, ஆங்கில வரியில் பாதியளவே தங்குகிறது. தமிழில் அவள் ‘தாங்கள்’ என்று பேச வேண்டுமா, ‘நீங்கள்’ போதுமா என்பதை அந்த வரியைக்கொண்டு முடிவு செய்ய இயலாது. ஜப்பானிய மூலத்தைச் செவியால் கேட்டறிய வல்லவர் ஒருவரே முடிவு செய்ய இயலும்.