பூத்துக்குளியின் முரட்டுப் பக்கம்

நீலகிரித் தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளியை எட்ட நின்று பார்த்தால், அந்தச் சிவப்பும் கறுப்பும் தறியிலேயே விழுந்தவை என்றுதான் தோன்றும். உண்மையில் தறியில் நெய்து வருபவை பட்டைக் கரைகள் மட்டும். அவற்றின் இடையே அடர்ந்து கிடப்பது முழுவதும் ஊசி வேலை. தோடர்களுக்கு நெசவு கிடையாது. வெளியிலிருந்து வாங்கும் முரட்டு வெள்ளைப் பருத்தித் துணிதான் தொடக்கம். அது தோடர் குடியிருப்பான மந்துக்குள் போய், பெண்களின் மடியில் கிடந்து திரும்பும்போது வேறு யாருடையதாகவும் இருக்க முடியாத துணியாகிவிடுகிறது.

பூத்தையல் என்றால் வட்டச் சட்டமும் கார்பன் தாள் வைத்து எடுத்த பூவும்தான் நமக்குப் பழக்கம். இங்கே சட்டம் இல்லை, பென்சில் கோடும் இல்லை. துணியின் பாவையும் ஊடையையும் எண்ணியே தைக்கிறார்கள். கிழிசலுக்கு இழை ஓட்டுகிற அதே ஓட்டம்தான்: ஊசி சில இழைகளுக்கு மேலே போகிறது, சில இழைகளுக்குக் கீழே நுழைகிறது. அடுத்த வரிசையை ஓர் இழை தள்ளித் தொடங்கினால் சாய்வு பிறக்கிறது. திசையை மாற்றினால் முக்கோணம். முரட்டு நெசவை நாம் மட்டமான துணி என்று ஒதுக்குவோம். இந்தக் கைகளுக்கு அந்த முரடுதான் வசதி. இழை தெரிந்தால்தானே எண்ண முடியும்?

எண்ணிக்கை வைத்துத் தைப்பதில் வளைவுக்கு இடமில்லை. ஆகவே கோலத்தில் வரும் எருமைக் கொம்பு வளையாமல் படிப்படியாக ஏறி நிற்கிறது. ஓரங்களில் வரும் முயல் காதுகளும் அப்படியே கோணமாகிவிடுகின்றன. ஆனாலும் கொம்பைக் கொம்பென்றே கண்டுகொள்கிறோம். அசலைப் போலவே வரைந்த பூக்களைவிட இந்தச் சுருக்கம் எனக்கு உயர்வாகப் படுகிறது.

நான் அதிக நேரம் நின்று ரசிப்பது வேறு ஒன்றை. நம் வழக்கத்தில் தையலின் பின்பக்கம் ஒளித்து வைக்க வேண்டியது. முடிச்சும் தொங்கலும் அங்கேதான் இருக்கும். தோடர் தையலில் இரண்டு பக்கமும் உடுத்தத் தகுந்தவை. அதிலும் அவர்கள் வெளியே காட்ட விரும்புவது, நாம் உள்பக்கம் என்று நினைக்கும் மேடுபள்ளமான பக்கத்தை! நூலை இறுக்கி இழுத்துவிடாமல் வேண்டுமென்றே சிறுசிறு வளையங்களாக விட்டுவைக்கிறார்கள். கையால் தடவினால் அந்த வரிசைகள் விரலில் தட்டுப்படும். மலைக் குளிருக்குப் போர்த்துகிற துணிக்கு அந்தத் தடிப்பு எவ்வளவு பொருத்தம்!

நிறத்திலும் அதே கட்டுப்பாடு. சிவப்பு, கறுப்பு, துணியின் வெள்ளை, எப்போதாவது நீலம். தைக்காமல் விட்ட வெள்ளையும் கோலத்தில் ஒரு பங்காக நிற்கிறது. ஆணும் பெண்ணும் போர்த்துவது இதைத்தான். இறந்தவரின் உடலில் சுற்றுவதும் இதையே.

2013இல் இந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது சால்வை, கைப்பை, மேசை விரிப்பு என்று பலவற்றிலும் வருகிறது.

உங்களிடம் அலங்காரமே இல்லாத கைத்தறித் துப்பட்டாவோ ஈரிழைத் துண்டோ இருந்தால், மொட்டை ஊசியும் தடித்த நூலும் எடுத்து ஓர் ஓரத்தில் இழை எண்ணித் தைத்துப் பாருங்கள். தோடர்களின் கோலங்கள் அவர்களுடையவை. எண்ணும் முறையை மட்டும் கற்று, கோலத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். உதகையிலோ கோத்தகிரியிலோ தோடர் சால்வை வாங்க நேர்ந்தால் கட்டாயம் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அது அச்சிட்டது, வாங்காதீர்கள். இரண்டு பக்கமும் நூல் ஓடி, ஒரு பக்கம் விரலில் தட்டுப்பட்டால், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள்.