பொம்மை ரயிலுக்கு ஃபோன் எதற்கு?

பொம்மை ரயிலுக்கெல்லாம் விமரிசனமா என்று முகம் சுளிக்காதீர்கள். சினிமாவுக்கு எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம், ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். ஒரு குழந்தை தன் பொம்மையோடு கழிக்கும் நேரத்தில் பாதிகூட நீங்களும் நானும் எந்த நாவலோடும் கழிப்பதில்லை. அந்தப் பொம்மை நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா, ஏமாற்றுகிறதா என்று யாராவது கேட்க வேண்டாமா?

இந்த ரயில் சாவி கொடுத்தால் ஓடுகிற ஜாதி இல்லை. லெகோ கட்டைகளை அடுக்கி நாமே இன்ஜினும் பெட்டியும் கட்ட வேண்டும். அடியில் ஒரு மோட்டார். இன்ஜினின் வயிற்றுக்குள் 'ஹப்' என்று ஒரு மின்னணுப் பெட்டி. அதில் ஆறு பென்சில் பாட்டரி. ஃபோனில் ஒரு ஆப். 'ஸ்டேஷனில் பத்து செகண்ட் நில், அப்புறம் மெதுவாகப் புறப்படு' என்று குழந்தையே புரோகிராம் எழுதலாம். கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம் என்கிறேன்.

இதைப் பற்றி யோசிக்கக் காரைக்கால் நல்ல இடம். பிரெஞ்சு ஆட்சி 1954-ல் அங்கிருந்து மூட்டை கட்டினாலும், பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் குடியேறிய குடும்பங்கள் இன்றும் உண்டு. லீவுக்கு வரும் சித்தப்பாவின் பெட்டியில் சென்ட் பாட்டில், சாக்லேட்டோடு ஐரோப்பியப் பொம்மையும் வரும். இங்கே கடையில் வாங்குவது சுலபமில்லை. வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்குத் தாவி, 2023-ல் 70 ஆனது. சித்தப்பாவே சரணம்.

இன்னொரு காரணம், நிஜ ரயில். பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு 1898-ல் மீட்டர்கேஜ் ரயில் வந்தது. 1987-ல் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் ஒரு தலைமுறைக்குத் தங்கள் ஊர் ரயில் என்பது பெரியவர்கள் சொல்லும் கதை. நாகூரிலிருந்து அகலப் பாதை 2011-ல் வந்து சேர்ந்தது. பேரளம் பாதையையும் 23 கிலோமீட்டருக்கு அகலப் பாதையாகப் புதிதாகப் போட்டு 2025-ல் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். நடுவில் போனது 38 வருஷம். பழைய தண்டவாளம் எதற்கும் உதவவில்லை. மீட்டர்கேஜ் என்பது 1000 மில்லிமீட்டர், அகலப் பாதை 1676. பழைய இன்ஜினைக் கொண்டுவந்து புதுப் பாதையில் நிறுத்தினால் தொபுக்கென்று உள்ளே விழும்.

லெகோ ரயிலில் இந்தக் கதை அப்படியே தலைகீழ். அங்கே பாதை மாறவே இல்லை. 1966-ல் முதல் மின்சார ரயிலுக்குப் போட்ட அதே அகலம், சுமார் 38 மில்லிமீட்டர், இன்றைக்கும் அதுதான். (லெகோ மனிதனின் உயரம் நாலு சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் அவன் ஊரில் ஓடுவது மீட்டர்கேஜ் இல்லை, ஏறக்குறைய நம்ம அகலப் பாதை!) தாத்தாவின் பெட்டியைப் பேரனின் தண்டவாளத்தில் உருட்டலாம். மாறிக்கொண்டே இருந்தது அதை ஓட்டும் வித்தைதான்.

வரிசையாகச் சொல்கிறேன். 1966-ல் 4.5 வோல்ட், பாட்டரிக்குத் தனி வண்டி. 1969-ல் 12 வோல்ட், நடுவில் மின்சாரத்துக்கென்று இன்னொரு தண்டவாளம். 1991-ல் 9 வோல்ட். ஓடுகிற தண்டவாளத்திலேயே உலோகத் தகடு, சுவர் பிளக்கிலிருந்து மின்சாரம், பாட்டரித் தொல்லையே கிடையாது. 2006-ல் அதைவிட்டு மறுபடி பாட்டரி, இன்ஃப்ராரெட் ரிமோட். டி.வி. ரிமோட் மாதிரி நேராகக் காட்டினால்தான் கேட்கும், சோபாவுக்குப் பின்னால் போனால் காதே கேட்காது. 2010-ல் அதிலேயே வேறு ரகம், வேறு பிளக். 2018-ல் இப்போது நாம் பார்க்கும் புளூடூத் ஹப். ஒவ்வொரு முறையும் பழைய மோட்டாரின் வயர் புது ஹப்பில் நுழையாது. பாதை நிலைத்தது, இன்ஜின் பாடு திண்டாட்டம்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது 1968-ல் வந்த ஒன்று. விசில் ஊதினால் ரயில் நிற்கும், மறுபடி ஊதினால் கிளம்பும். ஒலியைக் கேட்கும் ஒரு சின்ன சர்க்யூட், அவ்வளவுதான். குழந்தை கார்டாகவே ஆகிவிடுகிறது. 1980-ல் இன்னும் ஒரு படி. 12 வோல்ட் பாதையில் பாயிண்ட், சிக்னல், லெவல் கிராசிங் எல்லாம் வயர் இழுத்துப் பொத்தான் பெட்டியிலிருந்து இயக்கலாம். குழந்தைக்கு ஸ்டேஷன் மாஸ்டராகப் பிரமோஷன். இதில் கம்ப்யூட்டர் எங்கே? எங்குமே இல்லை. ஆனால் புரோகிராமிங்கின் ஆதார யோசனை பூராவும் அதில் இருந்தது. எது முதலில், எது பிறகு, எது நடந்தால் எது நடக்கக் கூடாது.

சரி, 2018-க்கு வருவோம். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புளூடூத் என்பதால் சோபாவுக்குப் பின்னாலும் கேட்கிறது. பயணி ரயில் செட்டில் கையில் பிடிக்கும் ரிமோட்டும் வருகிறது, வெறுமனே ஓட்ட ஆப் தேவையில்லை. ஆப்பிலுள்ள புரோகிராம் கட்டைகளில் எழுத்தே இல்லை, எல்லாம் படம். இங்கிலீஷ் தெரியாத குழந்தையும் தொடலாம். பேஷ்.

இனி குறைகள். படம் மட்டும் போட்டுவிட்டு, இந்தப் படம் என்ன செய்யும் என்று விளக்க மறந்தால் எப்படி? கட்டையை இழுத்து விட்டுப் பார்த்து, ரயில் என்ன செய்கிறது என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். பத்து வயதுப் பையன் கண்டுபிடித்துவிடுவான். அவன் அப்பா தோற்றுப்போவார்.

அடுத்தது மோட்டார். எவ்வளவு தூரம் சுற்றினோம் என்று எண்ணிச் சொல்லும் மோட்டார்கள் இதே குடும்பத்தில் இருக்கின்றன. ரயில் மோட்டாருக்கு மட்டும் அந்த அறிவைக் கொடுக்கவில்லை. ஆகவே குழந்தை என்ன எழுதும்? 'ஐந்து செகண்ட் ஓடு, நில்.' புது பாட்டரி இருக்கும்போது ரயில் சரியாகப் பிளாட்பாரத்தில் நிற்கும். அடுத்த வாரம் பாட்டரி தளர்ந்ததும் ஸ்டேஷனுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடும். வளைவில் உராய்வு வேறு. இதைச் சரிசெய்ய வழி உண்டு. தண்டவாளத்தைக் குனிந்து பார்க்கிற மாதிரி ஒரு நிற சென்சாரைப் பொருத்தி, ஸ்டேஷனில் சிவப்புக் கட்டை வைத்து, 'சிவப்பைப் பார்த்தால் நில்' என்று எழுத வேண்டும். நேரத்தை நம்பாதே, இடத்தைப் பார் என்பது ஒரு நல்ல பாடம். ஆனால் ஹப்பில் இருப்பது இரண்டே துளை. ஒன்று மோட்டாருக்கு. மற்றதில் சென்சாரைச் செருகினால் முன்விளக்கு போச்சு. கண் வேண்டுமா, வெளிச்சம் வேண்டுமா என்று ரயிலைக் கேட்பது கொஞ்சம் அநியாயம்.

பெரிய குறை இனிமேல்தான். ஆப்பில் எழுதும் புரோகிராம் ரயிலுக்குள் போவதே இல்லை. அது ஃபோனிலேயே ஓடுகிறது. 'மோட்டாரைச் சுற்று, நிறுத்து' என்ற உத்தரவுகள் மட்டும் ஒவ்வொன்றாக புளூடூத்தில் போகின்றன. சென்சார் சிவப்பைப் பார்த்தாலும் ஃபோனுக்குச் சொல்லி, ஃபோன் யோசித்து, திரும்பிச் சொன்னால்தான் நிற்கும்.

இதற்கு என்ன அர்த்தம்? காரைக்காலில் பாரதியார் சாலைப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நல்ல ஃபோன் ஒன்று, அது அப்பாவுடையது. ஞாயிற்றுக்கிழமை பையனும் அப்பாவும் உட்கார்ந்து, கூடத்தைச் சுற்றித் தண்டவாளம் போட்டு, திருநள்ளாறு, காரைக்கால் என்று அட்டையில் ஸ்டேஷன் பெயர் எழுதி, புரோகிராமும் எழுதியாயிற்று. ரயில் திருநள்ளாற்றில் நிற்கிறது, கிளம்புகிறது, அம்மா கைதட்டுகிறாள். திங்கட்கிழமை காலை? ரயில் கூடத்தில் இருக்கிறது. டிரைவர் அப்பாவின் சட்டைப் பையில் ஆபீஸ் போய்விட்டார். ரிமோட்டில் ஓட்டலாம்தான். ஆனால் பையன் உருவாக்கியது அந்த ஓட்டத்தை இல்லையே? அவன் சொந்தமாக யோசித்து எழுதின நாலு வரி அவன் பொம்மையில் இல்லை. என் எதிர்ப்பு இந்த இடத்தில்தான். கட்டைகளின் மொத்தத் தர்மமே 'நீ கட்டியது உன்னுடையது' என்பது. ஆப் அந்தத் தர்மத்தை மீறுகிறது.

ஆப்புக்கு ஆயுசும் குறைவு. இதே கம்பெனியின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ செட் 1998-ல் வந்தது. பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அதில் ரோபோ செய்யக் கற்றார்கள். 2022 முடிவோடு அந்தப் பெயரை நிறுத்தினார்கள். கடைசி செட்டின் ஆப் குறைந்தது 2024 முடிய இருக்கும் என்று அப்போது அறிவித்தார்கள். அந்த செட் வந்தது 2020-ல். அதாவது பொம்மைக்கு உத்தரவாதமாகச் சொன்ன வயசு நாலு. 1958-ல் காப்புரிமை வாங்கிய கட்டை இன்று வாங்கும் கட்டையோடு 'டக்'கென்று பொருந்துகிறது. பிளாஸ்டிக்குக்கு அறுபது வருஷத்துக்கு மேல், மூளைக்கு நாலு வருஷம் என்றால் என்ன நியாயம்?

'காலம் மாறிப்போச்சு சார், இன்னிக்கு ஆப் இல்லாம எது நடக்குது?' என்பீர்கள். பதில் அதே கம்பெனியிடமே இருக்கிறது. அதே 2018-ல் வாண்டுகளுக்கென்று டூப்லோ ரயில் ஒன்று விட்டார்கள். கையால் தள்ளினால் கிளம்பும். தண்டவாளத்தில் அங்கங்கே செருக ஐந்து நிறக் கட்டைகள். சிவப்பைத் தாண்டினால் நிற்கும், மஞ்சளில் ஹாரன், வெள்ளையில் விளக்கு, பச்சையில் திரும்பி ஓடும், நீலத்தில் எரிபொருள் நிரப்பும். அதற்கும் ஆப் உண்டு, ஆனால் இல்லாமலே எல்லாம் நடக்கும். யோசித்துப் பாருங்கள், அந்தக் குழந்தை தரையில் தவழ்ந்து நிறக் கட்டையை மாற்றி வைக்கும்போது புரோகிராம்தான் எழுதுகிறது. திரையில் இல்லை, தண்டவாளத்தின் மேலே. தங்கச்சி வந்து சிவப்பைப் பிடுங்கினால் அது ஒரு 'பக்'. மூன்று வயதுக்காரருக்குக் கொடுத்த சுதந்திரத்தை எட்டு வயதானதும் பிடுங்கிவிடுகிறார்கள். என் தீர்ப்பில் இந்தச் சின்ன ரயில்தான் உயர்ந்த படைப்பு.

பெரிய ரயிலுக்கும் மோட்சம் இருக்கிறது. ஹப்போடு பேசும் புளூடூத் மொழி என்ன என்பதைக் கம்பெனியே பகிரங்கமாக வெளியிட்டிருக்கிறது. இதற்கு ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும். பைப்ரிக்ஸ் என்று ஒரு மென்பொருள், லாரன்ஸ் வால்க், டேவிட் லெக்னர் என்ற இருவர் தொடங்கியது. இலவசமாக இறக்கி ஹப்பில் ஏற்றினால், பைத்தான் மொழியில் எழுதும் புரோகிராம் ரயிலின் வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. அதன்பின் ஃபோன் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஹப்பின் பொத்தானை அமுக்கினால் போதும். திங்கட்கிழமையும் ரயில் திருநள்ளாற்றில் நிற்கும். வேண்டாமென்றால் கம்பெனியின் பழைய மென்பொருளையே திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு ஹப் இன்னொரு ஹப்போடு பேசவும் முடியும். அப்போதுதான் விளையாட்டு சூடு பிடிக்கிறது. ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில். பேரளத்திலிருந்து ஒன்று, காரைக்காலிலிருந்து ஒன்று. இரண்டும் ஒரே சமயத்தில் கிளம்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய ரயில்வேயில் இதற்கு டோக்கன் இருந்தது. டோக்கன் கையில் இருக்கும் டிரைவர் மட்டுமே அந்தப் பாதையில் நுழையலாம். கம்ப்யூட்டரில் இரண்டு புரோகிராம்கள் ஒரே பொருளுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1960-களில் கண்டுபிடித்த உபாயத்துக்கு ரயில்வே கைகாட்டியின் பெயரைத்தான் வைத்தார், 'செமஃபோர்' என்று. காலேஜில் மூன்றாம் வருஷம் போர்டில் எழுதி மாணவர்களைத் தூங்கவைக்கும் பாடம், கூடத்துத் தரையில் இரண்டு பொம்மை ரயில் முட்டிக்கொள்ளும்போது அரை நிமிஷத்தில் புரிந்துவிடும்.

திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. இ.எஸ்.பி.32 என்ற சில்லு சில நூறு ரூபாய்தான். அதை வைத்து ஹப்போடு பேசும் நிரல் தொகுப்புகள் ஏற்கெனவே இலவசமாக இருக்கின்றன. ஒரு மரப்பெட்டி, நாலு சுவிட்ச், ஒரு விசில் கேட்கும் மைக். 1968-ஐயும் 1980-ஐயும் சேர்த்து ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பெட்டி பண்ணுங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வையுங்கள். ஃபோன் இல்லாத பிள்ளையும் கியூவில் நின்று ரயில் விடட்டும்.

உங்களுக்கும் ஒன்று. நுங்கு வண்டிக்கும் தீப்பெட்டி ரயிலுக்கும் யாரும் அப்டேட் அனுப்பவில்லை, அவை பாட்டுக்கு ஓடின. இனி ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புத்திசாலிப் பொம்மை வாங்கும்போது பெட்டியின் மேல் இருக்கும் வர்ணப் படத்தைப் பார்த்து மயங்காமல் கடைக்காரரிடமோ, பாரிஸ் சித்தப்பாவிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஃபோனை அணைச்சிட்டா என் பிள்ளை சொன்னது இதுக்கு ஞாபகம் இருக்குமா?'