கண்ணால் பிடிக்கும் மீன்

கோலார் தங்கவயலில் தூண்டில் என்றாலே பேத்தமங்கலம் ஏரிதான். பாலாற்றைத் தேக்கி, சுரங்கங்களுக்கும் லைன் வீடுகளுக்கும் தண்ணீர் கொடுத்த ஏரி. அதன் கரையில் மூங்கில் கோலும் மண்புழுவுமாய் உட்கார்ந்திருப்பவரிடம் போய், மீன்பிடிப்பிலும் சங்கீதம் போலப் பாணிகள் உண்டு என்றால் சிரிப்பார். ஆனால் உண்டு.

தென்னாட்டில் அதை விரிவாக எழுதி வைத்தவர் ஹென்றி சல்லிவன் தாமஸ், சென்னை மாகாணத்து சிவில் அதிகாரி. 1873-இல் வந்த 'தி ராட் இன் இந்தியா'வில் ஆற்று மகசீருக்கு மகுடம் சூட்டினார். 1887-இல் ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்றே தனிப் புத்தகம் போட்டார். ஏரிகளால் பிழைக்கும் கோலார்ச் சீமைக்கு அந்த இரண்டாவதுதான் நெருக்கம்.

காவிரிப் பாணியில் கேழ்வரகு மாவை வேகவைத்து உருட்டி முள்ளில் கோப்பார்கள். அங்கே தரம் என்றால் எடை. 1946-இல் கபினியில் மைசூர் வான் இங்கன் பிடித்த 120 பவுண்டு மகசீர் இன்னும் பேச்சில் இருக்கிறது. நீலகிரியில் ட்ரவுட். இறகும் நூலும் சுற்றிய ஃபிளையைப் பூச்சி விழுவதுபோல் ஓடையில் இறக்க வேண்டும். அங்கே எடையைவிட வீச்சின் நேர்த்திக்கே மதிப்பு.

இரண்டையும் கலைத்துப் போட்டது கடல் திட்டுப் பாணி. ஃபுளோரிடா, பஹாமாஸ், செஷல்ஸ் பக்கம் முழங்கால் அளவே உப்புநீர் நிற்கும் மணல்திட்டுகளில் போன்ஃபிஷ் மேயும். வெள்ளிச் செதில் மணலையே பிரதிபலிப்பதால் மீன் தெரியாது. அதன் நிழல் தெரியும். மூக்கால் மணலைக் கிளறி இறால், நண்டு தேடும்போது வால் நுனி மட்டும் நீருக்கு மேல் எழும். அதைப் பார்த்த பிறகுதான் வீச்சு. மீனின் தலையில் போட்டால் ஓடிவிடும். சற்று முன்னால் போட்டு, ஃபிளையை மணலில் இறங்கவிட்டு, சுண்டிச் சுண்டி இழுக்க வேண்டும். கடித்ததும் கோலைத் தூக்கக் கூடாது. கயிற்றைக் கையால் நேராக இழுத்தே முள்ளைப் பதிக்க வேண்டும். ட்ரவுட்டில் பழகிய கை இங்கேதான் தடுமாறும், தன்னையறியாமல் கோலை உயர்த்திவிடும். முள் பதிந்துவிட்டால் ஒரே மூச்சில் நூறு கெஜம் கயிற்றை உருவிக்கொண்டு போகும் மீன் அது.

அளவுகோல்களும் அங்கே கறார். 1939-இல் தொடங்கிய ஐ.ஜி.எஃப்.ஏ. என்னும் சர்வதேசத் தூண்டில் சங்கம், ஃபிளை சாதனைகளை மீனின் எடையோடு நுனித் தங்கூசியின் வலுவையும் சேர்த்தே பதிகிறது. அந்தத் தங்கூசி 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 2013 முதல் ஃபுளோரிடாவில் போன்ஃபிஷைப் பிடித்தால் விட்டுவிடத்தான் வேண்டும். குழம்புக்கு மீன் பிடிக்கும் நமக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றலாம். எனக்கும் முழுச் சம்மதமில்லை.

பார்த்துப் போடுவது மட்டும் நமக்குப் புதிதல்ல. கரையோரத் தாமரைக்குள் மூச்சுவிட மேலே வரும் விராலைக் குமிழி பார்த்துக் கண்டுகொண்டு, அதன் வழியில் தவளை கோத்த முள்ளைப் போடுகிறவர் இந்தப் பாணிக்கு ஒன்றுவிட்ட உறவு. அவருக்கும் ஒரு விதி வேண்டும் என்பேன். செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொதிப்பதுபோல் தெரிந்தால், கீழே காவலுக்குத் தாயோ தகப்பனோ நிற்கும். எதைப் போட்டாலும் சீறி வந்து கவ்வும். அதைத் தூக்கினால் அத்தனை குஞ்சும் கெண்டைக்கும் கொக்குக்கும் போகும். அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போய்த் தூண்டில் போடலாம்.